கடற்கழுகைக் காத்த கண்கள்

(இயற்கை ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1918-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் ஒரு வெண்வால் கடற்கழுகு சுட்டு வீழ்த்தப்பட்டது. வயதான பெட்டை. பிரித்தானியாவில் அந்த இனத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவை அதுதான். பக்கத்திலுள்ள ஆர்க்னி தீவுகளில் ஒரு கற்காலக் கல்லறையைத் தோண்டியபோது, மனித எலும்புகளோடு கடற்கழுகின் எலும்புகளும் கிடைத்தன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் தங்கள் முன்னோர் உறங்கிய இடத்தில் இந்தப் பறவைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு ஒரு துப்பாக்கிக் குண்டோடு அறுந்தது.

இன்று அதே ஸ்காட்லாந்தில் 150 ஜோடிகளுக்கு மேல் கூடு கட்டி வாழ்கின்றன. இது எப்படி நடந்தது, இதில் பறவை பார்ப்பவர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் என்ன பங்கு என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மேற்குக் கரையில் உள்ள மல் தீவில், கேமராவும் மழைக்கோட்டுமாக அலைந்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில், அழித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மலைச்சரிவுகள் செம்மறி மேய்ச்சலுக்கும் பணக்காரர்களின் வேட்டைக்கும் ஒதுக்கப்பட்டன. வளைந்த அலகு கொண்ட எந்தப் பறவையும் அங்கே எதிரிதான். கண்ணி வைத்தார்கள், விஷம் தடவிய இறைச்சியைப் போட்டார்கள். கடற்கழுகு செத்த பிராணியையும் தின்னும் பறவையாதலால் விஷத்துக்கு எளிதாக இரையானது. எண்ணிக்கை குறைந்ததும் இன்னொரு கூட்டம் வந்தது. அவர்கள் சேகரிப்பாளர்கள். பறவை அரிதாக ஆக, அதன் தோலுக்கும் முட்டைக்கும் விலை ஏறியது. கடைசிக் கூடுகளைத் தேடிப்பிடித்து, கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, முட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தச் சேகரிப்பாளர்களைப் பற்றி ஒரு நிமிடம் நின்று பேச விரும்புகிறேன். அவர்கள் பறவைகளை வெறுத்தவர்கள் அல்லர். எந்தப் பறவை எந்த வாரம் முட்டையிடும், எந்தப் பாறை இடுக்கை விரும்பும் என்பதை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் அக்காலத்தில் குறைவு. மழையிலும் குளிரிலும் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ஆசையெல்லாம் கடைசியில் தம் வீட்டு இழுப்பறையில் பஞ்சு மேல் வைத்த ஓட்டில் போய் முடிந்தது. நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. துப்பாக்கியும் முட்டைப் பெட்டியும் இருந்த இடத்துக்குத்தான் கேமரா வந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ரிச்சர்ட், செரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். 1895-இல், முழுக்க முழுக்க நேரில் எடுத்த புகைப்படங்களோடு பிரித்தானியப் பறவைக் கூடுகள் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். பறவைக்குத் தெரியாமல் நெருங்க, மாட்டுத்தோலைப் பதப்படுத்தி உள்ளீடற்ற எருது ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தவர்கள் அவர்கள். முட்டையை எடுக்காமல் அதன் உருவத்தை மட்டும் எடுத்துவரலாம் என்று உலகுக்குக் காட்டியது பெரிய தொண்டு. என்றாலும், கிட்டே போக வேண்டும், எனக்கென்று ஒன்று கொண்டுவர வேண்டும் என்ற அந்தத் தவிப்பு அப்படியே நம் கைக்கு மாறி வந்திருக்கிறது. கழுத்தில் லென்ஸ் தொங்கும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சரி, பறவை எப்படித் திரும்பி வந்தது? தானாக வரவில்லை. 1959-இல் மூன்று பறவைகளையும் 1968-இல் ஃபேர் தீவில் நான்கு பறவைகளையும் விட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. 1975-இல்தான் திட்டமிட்டு, பெரிய அளவில் தொடங்கினார்கள். நார்வேயின் வடகரையில் கடற்கழுகுகள் நிறைய இருந்தன. இரண்டு குஞ்சுகள் உள்ள கூட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பெற்றோரிடமே விட்டார்கள். அந்தக் குஞ்சுகளைப் பிரித்தானிய விமானப்படையின் விமானங்கள் ஏற்றி வந்தன. மேற்குக் கரையில் உள்ள ரம் தீவில், ஜான் லவ் என்ற உயிரியலாளரின் பொறுப்பில் அவற்றை வளர்த்தார்கள். மனித முகம் பழகிவிடக் கூடாது என்பதில் மிகுந்த கவனம். பறக்க விட்ட பிறகும் குறிப்பிட்ட இடங்களில் இரை போட்டு வைத்தார்கள். 1985 வரை மொத்தம் 82 பறவைகள்.

கடற்கழுகு இனப்பெருக்க வயதை எட்ட ஐந்தாண்டு ஆகும். அதுவரை வால் முழு வெள்ளையாகாது, அலகு மஞ்சளாகாது. ஆக, இத்தனை உழைப்பையும் கொட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். 1983-இல் முட்டையிட்டும் பொரியவில்லை. 1985-இல் ஒரு குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. அது ரம் தீவில் அல்ல, தெற்கே உள்ள மல் தீவில். மனிதர் தேர்ந்தது ஓரிடம், பறவை தேர்ந்தது வேறிடம். மல் தீவின் மேற்குக் கரையை ஒருமுறை பார்த்தால் அதன் தேர்வு புரியும்.

சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த நிலம் அது. அதனால் மலைகளெல்லாம் படிப்படியாக வெட்டிவைத்ததுபோல் கடலுக்குள் இறங்கும். கிரிபன் என்ற இடத்தில் பாறைச்சுவர் நேராகத் தலைக்குமேல் நிற்கும். அதன் காலடியில் ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் சாலை. பக்கத்தில் லாக் நா கீல் என்ற நீண்ட கடற்கை, நிலத்தைப் பிளந்துகொண்டு தீவின் நடுவரை வருகிறது. ஆழமில்லாத நீர், மீன், கடற்பறவைகள், முயல், ஆட்டுமந்தை, கரையோரம் உயர்ந்த மரங்கள். கழுகுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது.

அங்கே போகிறவர்கள் முதல் நாளே கழுகு கழுகு என்று கூவுவார்கள். பெரும்பாலும் அது சாலையோரக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வகைப் பருந்தாக இருக்கும். ஊர்க்காரர்கள் அதைச் சுற்றுலாப் பயணிகளின் கழுகு என்பார்கள். உண்மையான கடற்கழுகு தெரிந்தால் சந்தேகமே வராது. பறக்கும் கதவு என்று அங்கே அதற்கு ஒரு பட்டப்பெயர். இறக்கைகள் பலகைபோல் அகன்று, நேராக, முனையில் விரல் விரித்தாற்போல் இருக்கும். தலையும் அலகும் முன்னால் நன்றாக நீண்டிருக்க, வால் குட்டையாக ஆப்பு வடிவில் இருக்கும். அதே தீவில் பொன்னாங்கழுகும் உண்டு. அது காற்றில் மிதக்கும்போது இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும். வால் நீளம். பொன்னாங்கழுகு மலைமுகட்டை ஒட்டிப் பறக்கும். கடற்கழுகு நீர்மட்டத்தை ஒட்டிக் கனத்த சிறகடிப்பில் வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டும், மற்ற பறவைகளின் உதவி இல்லாமல் கழுகைக் கண்டுபிடிப்பது கடினம். கடற்காகங்கள் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஒரே பக்கமாக எழும். கரையில் மேய்ந்த சிப்பிபிடிப்பான்கள் அலறும். நாரை கழுத்தை இழுத்துக்கொண்டு இடம் மாறும். அப்போது வானத்தைத் துழாவ வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்கழுகு பகல் பொழுதின் பெரும்பகுதியைச் சும்மா உட்கார்ந்தே கழிக்கும். சினிமாவில் காட்டுவதுபோல் எந்நேரமும் பாய்ந்துகொண்டிருக்காது. மரத்தில், பாறையில், பாசி மூடிய கல்லில், மணிக்கணக்கில். படம் எடுக்க வந்தவர் பொறுமை இழப்பது இங்கேதான். கொஞ்சம் கிட்டே போனால் என்ன, ஒருமுறை பறந்தால் நல்ல படம் கிடைக்குமே என்று மனம் அரிக்கும்.

ஒரு மாலை லாக் நா கீல் கரையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்டுக் கரையில் வண்டியைவிட நல்ல மறைவிடம் கிடையாது. வண்டிக்குப் பறவைகள் பழகியிருக்கும், மனித உருவத்துக்குப் பழகாது. ஜன்னல் விளிம்பில் அவரை நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்திருந்தேன். நீர் வற்றிக்கொண்டிருந்தது. கறுத்த பாசியின் மேல் ஒரு நீர்நாய் ஏறி, பிடித்த மீனை முன்னங்கால்களால் அழுத்தித் தின்றுகொண்டிருந்தது. எதிர்க்கரை மரத்தில் வெகுநேரமாக ஒரு வெளிறிய புள்ளி. அது சட்டென்று முன்னால் சாய்ந்தது. விழுவதுபோல் மரத்தை விட்டிறங்கி, நீருக்கு ஒரு முழ உயரத்தில் நேராக வந்தது. நீர்நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. கழுகின் கால்கள் நீண்டன, மஞ்சள் நிறம், ஒவ்வொரு நகமும் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். நீர்நாய் மீனைக் கவ்வியபடி பின்பக்கமாக வழுக்கி நீருக்குள் மறைந்தது. கழுகு வெறும் பாசியைத் தொட்டுவிட்டு, இரண்டு சிறகடிப்பில் மேலே எழுந்து, ஒரு கல்லில் போய் உட்கார்ந்து இறகுகளை உதறியது. பின்னாலேயே கடற்காகங்கள் இரைந்துகொண்டு வந்து சேர்ந்தன.

அன்று எனக்குக் கிடைத்த படத்தில் கழுகு சட்டத்தின் ஒரு மூலையில் சிறியதாக இருக்கிறது. ஆனால் அதில் நீர்நாய் இருக்கிறது, வற்றிய கரை இருக்கிறது, பின்னால் கிரிபன் பாறைச்சுவர் இருக்கிறது. ஒரு கழுகு ஒரு நாளை எப்படி வாழ்கிறது என்பது அதில் இருக்கிறது. முகத்தை மட்டும் நிரப்பிய படத்தில் அது வராது. என் நண்பர்கள் பலர் இதை ஏற்க மாட்டார்கள், தெரியும். இறகின் ஒவ்வொரு இழையும் தெரிய வேண்டும் என்பார்கள். உயிரியல் பூங்காவில் அதை எடுக்கலாம். பாறைக்கரைக்கு வந்தபின் கரையையும் சேர்த்து எடுப்பதுதான் நியாயம்.

தொழில்நுட்பம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில விவரங்கள். பழுப்புப் பறவை பளபளக்கும் கடலுக்கோ மேகத்துக்கோ எதிரில் வந்தால், கேமரா வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் பறவையைக் கருக்கிவிடும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். அதே பறவை கறுத்த பாறைக்கு முன்னால் வந்தால் வெளிறிய தலை சுட்டுப்போகும். உடனே குறைக்க வேண்டும். கழுகு சில நொடிகளில் வானத்திலிருந்து பாறைக்கு வந்துவிடுமாதலால், கட்டைவிரல் அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தை விட்டு அகலக் கூடாது. ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்கு இருந்தால் சிறகு நுனி தெளிவாக நிற்கும். மேற்குக் காற்றில் உப்புத்துளி லென்ஸில் படியும், மென்துணி மடியிலேயே இருக்கட்டும். வெயில் வந்த நாளில் நீரின் மேல் காற்று நெளியும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் தொலைவில் உள்ளதைத் தெளிவாகக் காட்டாது. அதற்கு மருந்து விடியற்காலைதான். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அவசரத்துக்கு வேலையே இல்லை.

படகுகளைப் பற்றியும் கேட்பீர்கள். மல் தீவில் கழுகு பார்க்கப் படகுச் சவாரிகள் உண்டு. படகோட்டி ஒரு மீனை வீசுவார். முதலில் கடற்காகங்கள் சூழும், பிறகு தொலைவிலுள்ள மரத்திலிருந்து கழுகு கிளம்பி வந்து, படகுக்குப் பக்கத்திலேயே மீனைக் கால் நகங்களால் பற்றித் தூக்கிக்கொண்டு போகும். உலகெங்கும் நீங்கள் பார்க்கும் கடற்கழுகுப் படங்களில் பல இப்படி எடுத்தவைதான். நான் இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நடக்க முடியாத முதியவர்களும் குழந்தைகளும் அந்தப் பறவையை அவ்வளவு பக்கத்தில் பார்த்துக் கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். படகோட்டிக்கும் பிழைப்பு. ஆனால் எல்லாப் படமும் ஒரே படம். அதே கோணம், அதே கால் நீட்டல், அதே தண்ணீர்ச் சிதறல். மீன் வீசி எடுத்த படத்தை மீன் வீசி எடுத்தது என்று சொல்லிவிட வேண்டும். அது பார்ப்பவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

கூட்டுக்குப் பக்கத்தில் போவது வேறு விஷயம். அதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. பிரித்தானியாவில் 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கடற்கழுகை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கூடு கட்டும் காலத்தில் தெரிந்தோ பொறுப்பில்லாமலோ தொந்தரவு செய்தால் குற்றம். கூட்டருகே படம் எடுக்க அரசு உரிமம் வேண்டும். காரணம் எளியது. மார்ச் மாதம் முட்டையிடும், சுமார் 38 நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் மல் தீவில் மழையும் குளிர்காற்றும் ஓயாது. ஒருவர் நெருங்கியதால் பெட்டை எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும், அல்லது சாம்பல் காக்கைகள் வந்து கொத்திவிடும். படம் எடுத்தவருக்கு நடந்தது தெரியவே தெரியாது. கழுகு பறந்தது, நல்ல படம் என்று ஊர் திரும்பியிருப்பார். பறவை நமக்கு முன்கூட்டியே சொல்லும். இறகு கோதுவதை நிறுத்தும். நேராக நம்மையே பார்க்கும். உடலைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டும். எச்சமிடும். அதற்குப் பிறகு பறந்துவிடும். கோதுவதை நிறுத்திய கணத்திலேயே நாம் பின்வாங்கிவிட வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஆரம்ப ஆண்டுகளில் மல் தீவின் கூடுகள் எங்கே இருக்கின்றன என்பது பெரிய இரகசியம். பாதுகாப்பவர்கள் வெளியே மூச்சு விட மாட்டார்கள். முட்டைத் திருடர்கள் அப்போதும் இருந்தார்கள். அந்தப் பழைய நோய் முழுக்கத் தீரவில்லை. தன்னார்வலர்கள் இரவும் பகலும் கூடுகளுக்குக் காவல் இருந்தார்கள். பறவைகள் பெருகப் பெருக இரகசியம் காப்பது முடியாத காரியமாயிற்று. எட்டடி இறக்கையுள்ள பறவையை ஒளித்து வைக்க முடியுமா? அப்போது அவர்கள் துணிந்து ஒரு முடிவெடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் லாக் ஃபிரிசா என்ற ஏரிக்கரைக் காட்டில், கூட்டிலிருந்து பாதுகாப்பான தொலைவில் ஒரு மறைகுடில் கட்டி, வாருங்கள், பாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தார்கள். வனத்துறை, பறவைப் பாதுகாப்புச் சங்கம், காவல்துறை, தீவு மக்களின் அறக்கட்டளை எல்லாம் சேர்ந்து செய்த காரியம். ஸ்கை, ஃபிரிசா என்று பெயரிட்ட ஒரு ஜோடி பிபிசியின் ஸ்பிரிங்வாட்ச் நிகழ்ச்சி வழியே நாடு முழுவதும் அறிமுகமானது.

எல்லோருக்கும் தெரிந்த கூட்டைத் திருடன் தொடுவது கடினம். பள்ளிப் பிள்ளைகள் குஞ்சுகளுக்குப் பெயர் வைத்தார்கள். விடுதி நடத்துபவர், தபால்காரர், படகுத்துறை ஊழியர் என்று எல்லாரும் புதிய வண்டி எண்ணைக் கவனித்தார்கள். நுழைவுக் கட்டணத்திலிருந்து தீவின் பொதுக்காரியங்களுக்கும் பணம் போயிற்று. பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, கடற்கழுகால் மல் தீவுக்கு ஆண்டுதோறும் 50 இலட்சம் பவுண்டு வரை வருவாய் வருவதாகக் கணக்கிட்டது. ஒரு காலத்தில் கழுகைச் சுட்டவனுக்குக் கூலி கொடுத்த நாடு அது.

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கடற்கழுகு செம்மறிக் குட்டிகளையும் எடுக்கிறது. பெரும்பாலும் மீனும் கடற்பறவையும் முயலும் செத்த பிராணியும்தான் என்றாலும், உயிருள்ள குட்டிகளும் போவது உண்மை. மல்லில் ஒரு வயதான ஆட்டுப்பண்ணைக்காரர் என்னிடம், “ஐயா, நீங்கள் படம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், குட்டி என்னுடையது” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அவரிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. அரசு அமைப்பு இப்போது இப்படிப்பட்ட பண்ணைகளுக்கு உதவித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அது போதாது என்பது அவர்கள் வாதம். கழுகால் வரும் பணம் படகுத்துறைக்கும் விடுதிக்கும் போகிறது, இழப்பு மலைச்சரிவில் விழுகிறது. இந்தக் கணக்கை நேர் செய்யாமல் பறவையின் மீட்சியை முழு வெற்றி என்று நான் கொண்டாட மாட்டேன்.

நம் கரையிலும் இந்தக் குடும்பத்தின் உறவுக்காரர் உண்டு. அதன் பெயர் வெண்வயிற்றுக் கடற்கழுகு. இந்தியாவின் இரு கரைகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது. மீனோடு கடற்பாம்பையும் பிடித்துத் தின்னும். உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் பெரிய கூடு கட்டி, ஆண்டுதோறும் அதையே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே ஒருமுறை அந்த மரம் யாருக்காவது தெரிந்துவிட்டால் என்றென்றைக்கும் தெரிந்ததுதான். இன்று ஒரு படத்தோடு இடத்தின் குறியீடும் கைப்பேசியில் ஒரு மணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பத்து முக்காலிகள், மேலே ஒரு டிரோன். மல் தீவைப் பாருங்கள், அவர்களும் திறந்துவிட்டார்களே என்று யாராவது சொன்னால், அங்கே குடிலும் காவலும் தொலைவும் முதலில் வந்தன, கூட்டம் பிறகுதான் வந்தது என்று பதில் சொல்லுங்கள். நம் மீனவக் குப்பங்களில் அந்தக் கழுகை அன்றாடம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு நகரத்திலிருந்து போகிறவர்கள் மட்டும் காவல் காக்க முடியாது.

கடைசியாக ஒரு செய்தி. நார்வே கொடுத்த பறவைகளால் பெருகிய ஸ்காட்லாந்து, 2019 முதல் தன் கூடுகளிலிருந்து குஞ்சுகளை இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி உள்ள வைட் தீவுக்குக் கொடுக்கிறது. ராய் டென்னிஸ் அறக்கட்டளையும் இங்கிலாந்து வனத்துறையும் சேர்ந்து நடத்தும் திட்டம். 1968-இல் ஃபேர் தீவில் பறவைகளை விட்டுத் தோற்ற குழுவில் இளைஞராக இருந்தவர்தான் இந்த ராய் டென்னிஸ். 2023-இல் தென்னிங்கிலாந்தில் ஒரு குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது, சுமார் 240 ஆண்டுகளில் முதல் முறையாக. அந்தக் கூடு எந்த ஊரில், எந்த மரத்தில் என்பதை அவர்கள் வெளியிடவில்லை. அங்கே இன்னும் சில ஜோடிகள்தான். லாக் ஃபிரிசாவில் கதவைத் திறப்பதற்கு முன்பு மல் தீவு கடந்த ஆண்டுகளை அவர்களும் கடந்தாக வேண்டும்.